பிள்ளைப்பேற்றின் நோவைத் தணிக்கத் துணிந்தவர்: ஜேம்ஸ் யங் சிம்சன்

எங்கள் மகளுக்கு இது தலைப்பிள்ளை. நாள் நெருங்க நெருங்க வந்து பார்க்கும் உறவுகளும் கூடிவிட்டார்கள். பயற்றம் உருண்டையோடு வருகிறவர்கள் ஒரு கேள்வியையும் கொண்டு வருகிறார்கள். நோவுக்கு ஊசி போடப் போகிறாளா, அல்லது எங்களைப் போலத் தாங்கிப் பெறப் போகிறாளா என்பதுதான் அது. முள்ளந்தண்டில் ஊசி போட்டால் வாழ்நாள் முழுக்க நாரிநோ என்கிறார் ஒருவர். நோகாமல் பெற்றால் பிள்ளையில் பாசம் குறையும் என்கிறார் இன்னொருவர். ஊரில் மருத்துவிச்சியின் கையில் ஏழு பெற்ற எங்கள் பெரியம்மாவைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். மகள் பேசாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறாள்.

நாங்கள் வைத்தியர்கள் அல்ல. வணிகவியல் படித்துவிட்டு அகதியாக வந்து, மற்றவர்களின் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள். ஆனால் இந்த வாக்குவாதம் எங்கள் வரவேற்பறையில் தொடங்கியதல்ல. நாங்கள் வாழும் இதே பிரித்தானியாவில், 170 வருடங்களுக்கு முன்னர், பெரிய பெரிய வைத்தியர்களும் இதையே பேசிச் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையின் நடுவில் நின்றவர் ஜேம்ஸ் யங் சிம்சன். அவருடைய வாழ்க்கையை வாசித்தபோது, எங்கள் வீட்டில் நடந்த ஒரு பழைய பிழையும் நினைவுக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறோம். முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

ஸ்கொட்லாந்தில் எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இடையில் பாத்கேட் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே பாண் போட்டு விற்ற டேவிட் சிம்சன் என்பவருக்கு 1811 ஜூன் 7 அன்று எட்டாவது பிள்ளையாக, ஏழாவது ஆண்பிள்ளையாகப் பிறந்தவர் இவர். பேறு பார்த்த உள்ளூர் வைத்தியர் அதற்கான கட்டணத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார்: 10 ஷில்லிங் 6 பென்ஸ். அந்த நேரத்தில் அதுவே அந்தக் குடும்பத்துக்குப் பெரிய காசு. பேக்கரி படுத்துவிடும் நிலையில் இருந்தது. பிள்ளைப் படுக்கையிலிருந்து எழும்பிய தாய்தான் கடைப் பொறுப்பைத் தன் கையில் எடுத்து, வியாபாரத்தை நிமிர்த்தினார். அந்தத் தாயும் மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அக்கா மேரிதான் தம்பிக்குத் தாய்.

ஜேம்ஸ் படிப்பில் கெட்டிக்காரன் என்று தெரிந்ததும், தகப்பனும் அண்ணன்மாரும் காசைச் சேர்த்து 14 வயதிலேயே எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அண்ணன் அலெக்ஸாண்டர் கடைசிவரை துணை நின்றார். ஒரு பிள்ளையின் படிப்புக்காக மற்றப் பிள்ளைகள் உழைப்பது என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

முதலில் கலைப்பாடங்கள் படித்துவிட்டு, 1827இல் மருத்துவத்துக்கு மாறினார். அங்கேதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிய சம்பவம் நடந்தது. அந்தக் காலத்தில் மயக்க மருந்து கிடையாது. ரொபர்ட் லிஸ்டன் என்ற பேர்பெற்ற சத்திரசிகிச்சை வைத்தியர், ஒரு ஏழைப் பெண்ணின் மார்பை அறுத்து அகற்றுவதைச் சிம்சன் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் முழு நினைவோடு எல்லாவற்றையும் தாங்கினாள். சிம்சனால் தாங்க முடியவில்லை. மண்டபத்தை விட்டு வெளியேறியவர், நேரே நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய், சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்தர் வேலை கேட்டார் என்கிறார்கள் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள். ஆனால் திரும்பி வந்தார். நோவைப் பார்க்க முடியாது என்று தொழிலை விடுவதா, அல்லது நோவைக் குறைக்க வழி தேடுவதா என்ற கேள்வியில் இரண்டாவதைத் தெரிந்தார்.

1830இல் எடின்பரோ சத்திரசிகிச்சையாளர் கல்லூரியின் தகுதியைப் பெற்றபோது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை. கிளைட் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் வைத்தியர் வேலைக்கு மனுப் போட்டார். கிடைக்கவில்லை. 1832இல் எம்.டி. பட்டம் பெற்றார். அதன் பிறகு அவர் தெரிந்தெடுத்த துறை பிள்ளைப்பேற்று மருத்துவம். அன்றைய வைத்தியர்கள் பலர் அதை மருத்துவத்தின் கடைசிப் படியாகத்தான் மதித்தார்கள்.

1839இல் எடின்பரோவின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் பதவி வெற்றிடமானது. சிம்சனுக்கு 28 வயது. நியமிப்பது நகரசபை. ஆகவே ஒவ்வோர் உறுப்பினரையும் தேடிப்போய் ஆதரவு கேட்க வேண்டும். கலியாணம் கட்டாத இளைஞன் இந்தப் பாடத்தைக் கற்பிப்பதா என்று ஒரு குறை சொன்னார்கள். அந்த வருடம் டிசம்பரில், லிவர்பூலைச் சேர்ந்த ஜெசி கிரின்ட்லேயை மணந்து அந்தக் குறையையும் தீர்த்தார். பிரசாரத்துக்கு ஏறத்தாழ 500 பவுண் செலவழிந்தது. 1840 பெப்ரவரியில் 17க்கு 16 என்று ஒரேயொரு வாக்கால் வென்றார். ஒரு வாக்கு மாறியிருந்தால் இந்தக் கதையே வேறாகியிருக்கும்.

அவர் பேராசிரியரான காலத்தில் பிள்ளைப்பேறு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாதை சிக்கலானால் நாட்கணக்கில் நோவு. தலை இறங்காமல் தாயின் உயிருக்கு ஆபத்து வந்தால், பிள்ளையின் தலையைத் துளைத்துத்தான் வெளியே எடுப்பார்கள். அதுவும் தாய் விழித்திருக்கவே நடக்கும். இதையெல்லாம் தாங்குவது பெண்ணின் தலைவிதி என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

1846 ஒக்டோபரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், ஈதர் என்ற திரவத்தின் ஆவியை மூச்சோடு இழுக்க வைத்து, நோவு தெரியாமல் சத்திரசிகிச்சை செய்து காட்டினார்கள். அந்தச் செய்தி கப்பலேறி வந்தது. அதே டிசம்பரில் லண்டனில் ஈதரைப் பயன்படுத்தியவர், சிம்சன் முன்பு பார்த்துத் தாங்காமல் ஓடிய அதே லிஸ்டன்தான். 1847 ஜனவரி 19 அன்று, இடுப்பெலும்பு குறுகியிருந்த ஒரு பெண்ணின் பேற்றில் சிம்சன் ஈதரைக் கொடுத்தார். பிள்ளைப்பேற்றில் இந்த மருந்தைப் பயன்படுத்திய முதல் ஆள் அவரே. தாய் மயங்கியிருந்தபோதும் கருப்பை தன் வேலையை நிறுத்தாமல் சுருங்கிக்கொண்டிருந்தது என்பதே அவர் அன்று கண்டுகொண்ட பெரிய உண்மை. நோவை எடுத்தால் பேறு நின்றுவிடும் என்ற பயத்துக்கு அது முதல் பதில்.

ஆனால் ஈதரில் குறைகள் இருந்தன. மணம் மோசம். இருமல் வரும். நிறையத் தேவை. எளிதில் தீப்பிடிக்கும். ஆகவே சிம்சன் வேறொன்றைத் தேடினார். தன் உதவியாளர்களான ஜோர்ஜ் கீத், மத்தியூஸ் டங்கன் இருவரோடும், குயின் வீதி 52ஆம் இலக்க வீட்டின் சாப்பாட்டு மேசையில் இருந்து, திரவங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடிக் குவளையில் ஊற்றித் தாங்களே முகர்ந்து பார்த்தார்கள். 1847 நவம்பர் 4 இரவு முறைக்கு வந்தது குளோரோபோம். கொஞ்ச நேரம் கலகலப்பான பேச்சு. பிறகு மூவரும் தரையில் கிடந்தார்கள். சிம்சன் கண் விழித்தபோது, இதுதான் தேடிய மருந்து என்று அறிந்துகொண்டார்.

கணக்கு எழுதுகிறவர்கள் என்ற முறையில் இங்கே ஒரு வரவை விடாமல் பதிய வேண்டும். குளோரோபோமை முயன்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர் லிவர்பூலில் இருந்த டேவிட் வால்டி என்ற இரசாயனவியலாளர். சிம்சன் வெளியிட்ட பிரசுரத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு குறிப்பு மட்டுமே. வால்டி பின்னர் கல்கத்தாவுக்குப் போய் இரசாயனத் தொழிற்சாலை நடத்தி, அங்கேயே காலமானார்.

நாலு நாள் கழித்து, நவம்பர் 8 அன்று, ஒரு வைத்தியரின் மனைவிக்குப் பேறுநோவு கண்டது. முந்திய பேற்றில் மூன்று நாள் நோவுக்குப் பிறகு பிள்ளையைத் தலை துளைத்து எடுக்க வேண்டி வந்த தாய் அவர். இந்த முறை சிம்சன் கைலேஞ்சியைப் புனல்போலச் சுருட்டி, அரைத் தேக்கரண்டி குளோரோபோம் விட்டு, முகத்தருகே பிடித்தார். 25 நிமிடத்தில் உயிரோடு பெண்பிள்ளை பிறந்தது. தாய் விழித்தபோது, கையில் தந்த பிள்ளை தன்னுடையதுதான் என்று நம்ப மறுத்தார். அந்தப் பிள்ளைக்கு அனஸ்தீசியா என்று ஞானஸ்நானம் கொடுத்ததாக ஒரு கதை பல காலம் உலாவியது. உண்மைப் பெயர் வில்கெல்மினா. அனஸ்தீசியா என்பது சிம்சன் செல்லமாக வைத்த பட்டப்பெயர்.

இதற்குப் பிறகுதான் சண்டை. கிறிஸ்தவ வேதத்தின் ஆதியாகமத்தில், பெண் வேதனையோடு பிள்ளை பெறுவாள் என்று கடவுள் விதித்ததாக வருகிறது. அதை மாற்ற மனிதருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி எழும் என்று எதிர்பார்த்த சிம்சன், 1847 டிசம்பரிலேயே பதில் எழுதி வெளியிட்டார். மூல எபிரேயச் சொல்லுக்கு உழைப்பு, பிரயாசை என்ற பொருளும் உண்டு என்றார். முதல் மனிதனின் விலா எலும்பை எடுக்கும் முன் கடவுளே அவனுக்கு ஆழ்ந்த நித்திரையைக் கொடுத்தார் என்பதையும் எடுத்துக் காட்டினார். திருச்சபைகள் அவரைப் பெரிதாக எதிர்த்தன என்று பின்னாளில் எழுதினார்கள். ஆனால் வரலாற்றாசிரியர்கள் தேடிப் பார்த்தபோது அப்படிப்பட்ட எதிர்ப்பு கொஞ்சமாகவே கிடைத்தது.

உண்மையான எதிர்ப்பு வைத்தியர்களிடமிருந்து வந்தது. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் பேராசிரியர் சார்ல்ஸ் மெய்க்ஸ், பேறுநோவு இயற்கையானது, தேவையானது, வைத்தியருக்கு வழிகாட்டுவது என்று வாதிட்டார். நடப்பதும் இயற்கைதான், அதற்காக யாரும் வண்டியில் ஏறாமல் விடுகிறார்களா என்பது சிம்சனின் பதில். இந்த வழக்கைக் கடைசியில் தீர்க்கப்போவது வைத்தியர்கள் அல்ல, நோவை அனுபவிக்கும் பெண்களே என்றும் அவர் நம்பினார். எங்களுக்கு அவரில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் சிம்சன் குறையில்லாத மனிதர் அல்ல. 1848 ஜனவரியில், நியூகாசிலுக்குப் பக்கத்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பிள்ளை, கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோபோம் கொடுத்தபோது சில நிமிடங்களில் இறந்தாள். மருந்தை வெளியே கொண்டுவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சிம்சன் பழியை மருந்தின் மேல் போட மறுத்தார். மயங்கியவளின் வாயில் பிராந்தியும் தண்ணீரும் விட்டதால் மூச்சடைத்தது என்று வாதாடினார். ஆனால் அதன் பிறகும் குளோரோபோமில் மரணங்கள் தொடர்ந்தன. அது இதயத்தை நிறுத்தக்கூடியது, ஈரலையும் தாக்கக்கூடியது என்று பின்னாளில் தெளிவானது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அது பாவனையிலிருந்து மறைந்தது. வரவை மட்டும் பார்த்துச் செலவைப் பார்க்க மறுத்தது சிம்சனின் பிழை.

அந்தச் செலவுப் பக்கத்தைக் கவனமாக எழுதியவர் லண்டன் வைத்தியர் ஜோன் ஸ்னோ. எவ்வளவு ஆவி, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்று அளந்து அளந்து கொடுத்தவர். 1853 ஏப்ரல் 7 அன்று விக்டோரியா மகாராணியின் எட்டாவது பேற்றில் குளோரோபோம் கொடுத்தவர் அவர்தான். சிம்சன் என்று பலர் பிழையாகச் சொல்வார்கள். மகாராணியை அவர் முழுதாக மயக்கவில்லை. நோவு வரும்போதெல்லாம் கைலேஞ்சியில் சில துளிகள், 53 நிமிடங்கள், அவ்வளவுதான். இளவரசர் லியோபோல்ட் பிறந்தார். மகாராணி தன் நாட்குறிப்பில் மருந்தை மனதார மெச்சினார். 1857இல் ஒன்பதாவது பேற்றுக்கும் அதையே கேட்டு வாங்கினார். நாட்டின் தலைவியே வேண்டும் என்று கேட்ட பிறகு, மற்றப் பெண்கள் கேட்பதைத் தடுப்பது கடினமாகிப் போனது.

சிம்சனின் வாழ்க்கை குளோரோபோமோடு முடியவில்லை. புதுவகை ஆயுதப்பிரசவக் கருவி ஒன்றை அமைத்தார். பெண்களை மருத்துவக் கல்லூரிகள் வாசலிலேயே தடுத்த காலத்தில், 1854இல், அமெரிக்காவின் முதல் பெண் வைத்தியர்களில் ஒருவரான எமிலி பிளக்வெல்லைத் தன்னிடம் பயிற்சிக்குச் சேர்த்தார். 1869இல் அவர் வெளியிட்ட ஒரு கணக்கு எங்களைப் போன்றவர்களைக் கவரும். நாட்டுப்புறங்களில் தனி வைத்தியர்கள் செய்த 2,098 கை, கால் அகற்றல்களில் 226 பேர் இறந்திருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் 2,089 அகற்றல்களில் 855 பேர் இறந்திருந்தார்கள். பெரிய கட்டடமே பாதுகாப்பு என்று நம்பியவர்களுக்கு அது அதிர்ச்சி. ஆனால் கிருமிகளைக் கொல்லும் முறையோடு ஜோசப் லிஸ்டர் வந்தபோது, சிம்சன் அவரோடும் முரண்பட்டார். அவர் பிடிவாதக்காரர்தான்.

1866இல் பரோனற் பட்டம் வந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சியை அனுபவிக்க விடாமல், வைத்தியராகியிருந்த மூத்த மகன் டேவிட் இறந்தார். கொஞ்ச நாளில் மகள் ஜெசியும் போனாள். உலகத்துத் தாய்மாரின் நோவைக் குறைத்த வீட்டில் இந்த நோவுக்கு மருந்தில்லை. 1870 மே 6 அன்று, 58 வயதில், இதய நோயால் சிம்சன் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்ய இடம் தருவதாகச் சொன்னார்கள். குடும்பம் நன்றி சொல்லி மறுத்து, பிள்ளைகள் உறங்கும் எடின்பரோ வொரிஸ்டன் மயானத்திலேயே அடக்கியது. வீதியெல்லாம் சனம். இன்றும் எடின்பரோ பெரிய ஆஸ்பத்திரியின் மகப்பேற்றுப் பிரிவு அவர் பெயரில்தான் இருக்கிறது.

சிம்சன் குளோரோபோமைக் கண்ட அதே 1847இல்தான் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். மானிப்பாயில் ஆஸ்பத்திரி நடத்தி, எங்கள் பிள்ளைகளுக்கு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 1857இல் பிரசவ வைத்தியம் பற்றிய நூலைத் தமிழில் தந்தார். உடம்பைப் பற்றிய அறிவு அவரவர் மொழியில் கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர் அவர். அந்த நினைப்பின் பெறுமதி எங்களுக்கு 1990களின் பிற்பகுதியில், இந்த நாட்டில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

அதுதான் நாங்கள் சொல்ல வந்த பழைய பிழை. இந்த மகளைப் பெறும்போது அவளுடைய தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. மருத்துவமாது வந்து, நோவுக்கு என்ன வேண்டும் என்று விளக்கி, எங்களிடம் கேட்டுச் சொல்லும்படி சொன்னார். நாங்கள் அவளிடம் கேட்கவில்லை. தொலைபேசியில் ஊரிலிருந்து பேசிய பெரியவர்களைக் கேட்டோம். ஒன்றும் வேண்டாம் என்று நாங்களே பதில் சொன்னோம். 19 மணித்தியாலம் அவள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடந்தாள். பெற்றவளும் பிள்ளையும் நலம் என்றதும் எல்லாம் சரி என்று கணக்கை மூடிவிட்டோம். மற்றவர்களின் கணக்கில் கையெழுத்தில்லாத ஒரு வரியைக்கூட நாங்கள் விடமாட்டோம். அந்த இரவுக் கணக்கில் உரியவளின் கையெழுத்து இருக்கவில்லை.

இன்றைக்கு வழிகள் பல. மூச்சோடு இழுக்கும் காஸ் அண்ட் எயார் என்பது நைட்ரஸ் ஒக்சைட்டும் ஒக்சிஜனும் பாதிக்குப் பாதி. நோவை முழுதாக எடுக்காது, தலைசுற்றலும் குமட்டலும் வரலாம், விட்டால் உடனே தெளியும். பெதிடின் ஊசி தாயைத் தளர்த்தும். ஆனால் பேற்றுக்குக் கிட்டப் போட்டால் பிள்ளையும் சோர்ந்து பிறக்கலாம். முதுகில் போடும் எபிடூரல்தான் நோவை மிக நன்றாக நிறுத்துவது. ஆனால் இரத்த அழுத்தம் குறையலாம், கால் மரக்கலாம், பிள்ளையைத் தள்ளும் கட்டம் நீளலாம், ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்குக் கடுமையான தலையிடி வரலாம். நீண்டகால நாரிநோவுக்கு அது காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. வெந்நீர்த் தொட்டி, மூச்சுப் பயிற்சி, ஒன்றுமே வேண்டாம் என்பதும் வழிகள்தான். எதைத் தெரிந்தாலும் வெட்கமில்லை. ஆங்கிலம் வராதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் இலவச மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். முன்கூட்டியே கேட்டுவையுங்கள். புருசன்மாரும் மாமிமாரும் மொழிபெயர்க்கும்போது தங்கள் விருப்பத்தையும் சேர்த்தே பெயர்த்துவிடுவார்கள். எங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே கேள்வியோடு வந்த ஒருவர் மறுபடியும் பெரியம்மாவின் ஏழு பேற்றைச் சொன்னார். இத்தனை வருடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மகளின் தாய், குசினியிலிருந்து வெளியே வந்தா. தன்னிடம் அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, இவளிடமாவது கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனா. வந்தவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். நாங்கள் மகளைப் பார்த்தோம். முதலில் காஸ் அண்ட் எயார், போதாவிட்டால் எபிடூரல், அன்றைக்கு மனம் மாறினால் மாறும் என்று தன் திட்டத்தை அவள் எப்போதோ எழுதி, மருத்துவமாதுவிடம் கொடுத்துவிட்டாளாம். அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள்.